ஒன்று இருபதுக்கு வெடி

கம்பெனி தபாலில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது,
மரியாதையாக:
வேலைநாட்களில் மதியம் ஒன்று இருபதுக்கு வெடி.
எங்கள் லுஹர் ஜமாஅத் ஒன்றே காலுக்கு.
யாரும் யாரையும் கேட்டு வைத்த நேரமல்ல.

நெற்றி தரையில் இருக்கும்போதுதான் வருகிறது.
காதுக்கு முன்னால் நெற்றிக்குத் தெரியும்.
பிறகு ஜன்னல். பிறகு பாலறையில்
கேன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்.
வர்ஸமேயின் ஆடுகள் இப்போது மிரளுவதில்லை.
பழகிவிட்டன என்கிறார்.
பால் பழகவில்லை:
போன ஜூலையில் நாளுக்கு முந்நூற்றுப் பத்து லிட்டர்,
இந்த ஜூலையில் இருநூற்று நாற்பது.
நான் சங்கத்தின் கணக்குப்பிள்ளை.
ஆடுகளின் மனசு எனக்கு அந்தப் பத்தியில்தான் தெரியும்.

கிப்லா இங்கே வடகிழக்கு.
அந்தச் சுவரில் ஒரு விரிசல்.
ஹஸிபா அதன் நுனியில் பென்சிலால் தேதி போடுகிறாள்,
பிள்ளையின் உயரத்தை நிலையில் குறிப்பதுபோல.
ஏப்ரல் ஒன்பது. மே இருபது.
ஜூனில் இரண்டு.

குன்றிலிருந்து எடுப்பது பொன்னல்ல, கரியுமல்ல.
மணல்.
விஸ்கான்சின் மணல் குருணை மாதிரி உருண்டையாம்,
எங்கோ தெற்கே பாறையைப் பிளந்து எண்ணெய் எடுப்பவர்கள்
பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க இதைத் திணிக்கிறார்களாம்.
ஓர் ஊர் மண்ணின் வாயைத் திறந்துவைக்க
இன்னோர் ஊர்க் குன்று.

அந்த மணல் லாரியை ஓட்டுகிறவன் இத்ரீஸ் போல்டன்,
எங்கள் பத்தொன்பதாம் உறுப்பினன்.
பங்குத்தொகையைத் தேதி தவறாமல் கட்டுகிறவன்
அவன் ஒருவன்தான்.
வட்டியில்லாக் கடன் நிதியில் பாதி
அவன் ஸ்டியரிங் பிடித்த காசு.
அதில்தான் வர்ஸமேக்குத் தீவனம் வாங்கினோம்.
இதைப் பேரேட்டில் எப்படி எழுத?
வரவு என்று எழுதினேன்.

ஆகஸ்டில் ஆழ்குழாய் இருமியது,
செந்நிறமாய் ஒரு வாளி தந்தது,
அப்புறம் வெறும் காற்று.
கம்பெனி பாட்டில் தண்ணீர் அனுப்பியது,
‘நல்ல அண்டை வீட்டார்’ என்ற ஸ்டிக்கரோடு.
ஆடுகளுக்குப் போக, குடிக்க மட்டும்.

மண் இருக்கிறதே, தயம்மும் செய்யலாம்
என்றார் லூத்தர் கரீம்.
ஹனஃபிகளுக்குக் கல்லே போதும்.
எங்கள் ஷாஃபிக்குக் கையில் தூசு படிய வேண்டும்.
ஜன்னல் கட்டையில் தட்டினேன், படிந்தது,
வெள்ளையாய், மாவாய்.
முகத்துக்குக் கொண்டுபோகும்முன் ஹஸிபா
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
பதினாறு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள்.
“இது உள்ளே போனால் வெளியே வராது.”

சுத்தமான மண் எது?
நாய் நக்காதது, சிறுநீர் படாதது, ஒருமுறை பயன்படாதது.
கிதாபில் இருந்த பட்டியலை வாசித்தோம்.
இந்தத் தூசு எதிலும் மாட்டவில்லை.
கடைசியில் லூத்தர் நிலவறைக்குப் போய்
மூன்று வருடத்துக்கு முந்தைய உருளைக்கிழங்குச் சாக்கை உதறி
அடிமண்ணை ஒரு தட்டில் கொண்டுவந்தார்.
வரிசையில் கைமாறியது தட்டு.
கபரில் போடுகிற மூன்று பிடி
என் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லவில்லை.

செப்டம்பரில் இன்னொரு தபால்:
மையத்தாங்கரையை ஒட்டிய ஐந்து ஏக்கர்,
கிணற்றை நானூறு அடிக்கு இறக்கப் போதுமான விலை.
மஷூரா கூடினோம்.
விற்கலாம் என்று கை தூக்கியவர் வர்ஸமே.
அவர் மகன் அங்கேதான் கிடக்கிறான்,
வேலியோரம், மூன்றாவது.
“அவனுக்குத் தண்ணீர் வேண்டாம். ஆடுகளுக்கு வேண்டும்” என்றார்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
கூடாது என்று தூக்கியவன் இத்ரீஸ்.
அப்புறம் மணியைப் பார்த்தான்,
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.
முடிவாகவில்லை. தள்ளிவைத்தோம்.

போகும்போது அடுத்த மாதப் பங்கையும்
சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனான்.
நோட்டுகளை எண்ணினேன். விரல்நுனி நரநரத்தது.
நாக்கில் தொட்டு எண்ணுகிற பழக்கத்தை
விட்டுவிட்டேன்.